வானலையின் மந்தைவெளி

சென்னையில் இருக்கும் ஒருவர் டொரான்டோவில் இருக்கும் மகளிடம் முகம் பார்த்துப் பேச இன்று தனிச்செலவு ஏதும் இல்லை. கைப்பேசியும் இணையமும் போதும். அப்படியிருக்க, மின்னணுவியல் பாடம் படித்து, மத்திய அரசின் தேர்வு எழுதி, உரிமத்துக்குக் காத்திருந்து, மொட்டைமாடியில் கம்பி கட்டி, இரைச்சலுக்கு நடுவே முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் பெயரையும் ஊரையும் சொல்வதற்காக ஒருவர் தன் மாலைப்பொழுதுகளைச் செலவிட வேண்டுமா? ஹாம் ரேடியோ என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியைப் பற்றி இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. புயலும் பூகம்பமும் வந்து எல்லா இணைப்பும் அறுந்துபோகும்போது ஹாம்கள் உதவுவார்கள் என்பது ஒன்று. உலகெங்கும் நண்பர்கள் கிடைப்பார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை, ஆனால் ஒரு மனிதர் பல ஆண்டுகள் ஈடுபடும் செயலை நியாயப்படுத்த இவை போதாது. பேரிடர் நாள்தோறும் வருவதில்லை. தொலைதூர நண்பர்களைத் தேடித்தர இன்று வேறு வழிகள் ஏராளம்.

சரியான அளவுகோல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளிலேயே இருக்கிறது. வானொலித் தொழில்நுட்பத்தில் சொந்த ஆர்வம் கொண்டவர்கள், பண ஆதாயம் எதுவும் கருதாமல், முறையான அனுமதி பெற்றுச் செய்வது அமெச்சூர் சேவை என்று அந்த விதிகள் வரையறுக்கின்றன. அதற்கு மூன்று நோக்கங்களையும் குறிப்பிடுகின்றன: தானே கற்றுக்கொள்வது, ஒருவரோடொருவர் தொடர்புகொள்வது, தொழில்நுட்பத்தை ஆராய்வது. பேச்சு இந்த மூன்றில் ஒன்று மட்டுமே. கைப்பேசியோடு ஒப்பிட்டு ஹாம் ரேடியோவைப் பழசு என்று ஒதுக்குபவர்கள் அந்த ஒன்றை மட்டும் எடைபோடுகிறார்கள். மூன்றையும் எடைபோட்டால் முடிவு வேறாகிறது.

ஒதுக்கப்பட்டவர்கள் கண்டுபிடித்த அலைகள்

1912இல் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்குள் அடைத்தது. அலைநீளம் கூடக்கூடத்தான் தொலைவும் கூடும் என்று அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள். கடற்படைக்கும் கப்பல்களுக்கும் நிறுவனங்களுக்கும் நெட்டலைகளைக் கொடுத்துவிட்டு, எதற்கும் உதவாது என்று கருதிய மிச்சத்தைப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு விட்டார்கள்.

அந்த மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று தேடியவர்கள் அமெச்சூர்கள்தான். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஆர்ட்ரோசன் கடற்கரையில் கூடாரம் அடித்து உட்கார்ந்த காட்லி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து அமெச்சூர்கள் அனுப்பிய குறிகளைக் கேட்டுப் பதிவுசெய்தார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லெயோன் டெலுவா, சுமார் 100 மீட்டர் அலைநீளத்தில், அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெலுடனும் ஜான் ரைனார்ட்ஸுடனும் இருவழித் தொடர்பு கொண்டார். அலைநீளத்தைக் குறைத்தபோது தொலைவு கூடியது. அடுத்த ஆண்டு, 1924 அக்டோபர் 18 அன்று, லண்டனின் மில் ஹில் பள்ளியில் இருந்த செசில் கோய்டர் என்ற இளைஞர், நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்குப் பண்ணையிலிருந்த ஃபிராங்க் பெல்லோடு தொடர்புகொண்டார். பூமிப்பந்தில் அதைவிடத் தள்ளி இருவர் இருப்பது அரிது.

மார்க்கோனியும் அதே ஆண்டுகளில் சிற்றலைச் சோதனைகளில் இறங்கியிருந்தார். 1926, 1927இல் அவருடைய நிறுவனம் பிரிட்டிஷ் சாம்ராஜ்ஜியத்தின் முக்கிய நாடுகளைச் சிற்றலையால் பிரிட்டனோடு இணைத்தது. பயனற்றது என்று தள்ளிவிடப்பட்ட அலைகளுக்கு உடனே போட்டி எழுந்தது. 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு அவற்றைப் பங்கிட்டபோது அமெச்சூர்களுக்கென்று சில குறுகிய துண்டுகள் மிஞ்சின. பேண்ட் என்று ஹாம்கள் அழைக்கும் இன்றைய அமெச்சூர் அலைத்துண்டுகளின் வேர் அந்த ஒதுக்கீட்டில் இருக்கிறது.

இந்தியாவின் கதையும் இதே காலத்தில் தொடங்குகிறது. 1921இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து அமெச்சூர் நிலையம் நடத்தினார். 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவருடைய நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலை 31 முதல் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பினார்கள். அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறக்க இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. 1927இல் பணம் இல்லாமல் கிளப் நின்றுபோனது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் போய்ச் சேர, 1930இல் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. சென்னை நகரம் வானொலி கேட்கப் பழகியது ஆர்வலர்கள் கொடுத்த கருவியின் வழியாகத்தான்.

வானியலிலும் இப்படி ஒரு பெயர் உண்டு. பால்வெளியிலிருந்து வானொலி அலைகள் வருவதை 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி கண்டறிந்தபோது தொழில்முறை வானியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பள்ளிப் பருவத்திலிருந்தே ஹாமாக இருந்த குரோட் ரீபர், 1937இல் இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் ஊரில், தன் வீட்டருகில், தன் சொந்தச் செலவில், சுமார் 9.5 மீட்டர் விட்டமுள்ள கிண்ண ஆன்டெனாவைக் கட்டினார். பல ஆண்டுகள் அந்தத் துறையில் அவர் மட்டுமே இருந்தார். வானத்தின் முதல் வானொலி வரைபடங்களை உலகுக்குத் தந்தவர் அவர்.

20 மீட்டர் கம்பி கற்பிப்பவை

வரலாற்றுப் பெருமையை வைத்து இன்றைய மதிப்பைச் சொல்ல முடியாது. ஆகவே முதல் நோக்கமான கற்றலைப் பார்ப்போம்.

7 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கான எளிய ஆன்டெனா, ஏறக்குறைய 20 மீட்டர் செம்புக் கம்பி. நடுவில் வெட்டி, ஒரு கோஆக்சியல் கேபிளை இணைத்து, இரண்டு தென்னைகளுக்கு நடுவிலோ மாடியில் இரு கம்பங்களுக்கு நடுவிலோ கட்டினால் போதும். காலையில் அந்தக் கம்பியில் மதுரையும் கோவையும் பெங்களூரும் தெளிவாகக் கேட்கும். உச்சிவெயிலில் தொலைவு சுருங்கும். இருட்டியதும் பக்கத்து ஊர்கள் மறைந்து, ஐரோப்பாவும் தென்கிழக்கு ஆசியாவும் உள்ளே வரும். கம்பி அதேதான், கருவியும் அதேதான், மாறியது வானம்.

தரைக்கு மேல் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி அடுக்கு பகலில் இந்த அலைகளின் வலுவை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோகிறது. அதற்கும் மேலே சுமார் 300 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அடுக்கு இரவிலும் நீடித்து அலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த அடுக்கின் அடர்த்தி நாளுக்கு நாள் மாறும், பருவத்துக்கேற்ப மாறும், சூரியனின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சிக்கேற்பவும் மாறும். பாடப்புத்தகத்தில் அரைப்பக்கத்தில் முடிந்துபோகும் செய்தியை ஒரு ஹாம் தன் காதால் பல ஆண்டுகள் படிக்கிறார். சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தால் செய்தித்தாளில் வருவதற்கு முன்பே அவருடைய பேண்ட் ஊமையாகிவிடுகிறது.

தமிழ்நாட்டு ஹாம்களுக்கு இதில் ஒரு கூடுதல் வாய்ப்பும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியத் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் இந்தியாவிலிருந்து முதல் விண்வெளி ராக்கெட்டை ஏவத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும், காந்தவியல் ஆய்வுக்கூடம் திருநெல்வேலியில் அமைந்ததற்கும் இதுவே காரணம். காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் அயனி மண்டலம் தடித்து நிற்பதால், பிற இடங்களில் காண முடியாத நடத்தைகள் இங்கே புலப்படும். நடுக்கோட்டைத் தாண்டி 50 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாயும் விந்தையை 1940களின் பிற்பகுதியில் முதலில் கவனித்தவர்களும் அமெச்சூர்களே.

கற்றலின் இன்னொரு பாதி கைவேலை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவி இதற்கு நல்ல சான்று. வெளிநாட்டு உதிரிபாகங்கள் கிடைப்பதும் கட்டுபடியாவதும் கடினம் என்பதால், உள்ளூர் மின்னணுக் கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்களைக் கொண்டே ஒலிபரப்பவும் கேட்கவும் கூடிய ஒரு சிற்றலைக் கருவியை அவர் உருவாக்கினார். சுருள் சுற்றுவதற்குக் குழாய் வாஷரே போதுமென்று காட்டினார். வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். அதைப் பார்த்து உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் கையால் கருவி செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்தவருக்கு வடிகட்டி என்ன செய்கிறது, அலையியற்றி ஏன் நகர்ந்துபோகிறது என்பதெல்லாம் சூத்திரமாக மட்டும் நின்றுவிடாது. பொறியியல் பட்டம் பெற்றும் சாலிடரிங் இரும்பைத் தொடாத தலைமுறைக்கு இதைவிடச் செலவு குறைந்த ஆய்வுக்கூடம் கிடையாது.

நோபல் விஞ்ஞானியும் 15 விநாடிச் செய்தியும்

ஆராய்ச்சி என்ற நோக்கம் பழங்கதையாகிவிட்டதா? இரட்டை அமைப்பில் சுழலும் பல்சர் விண்மீனைக் கண்டுபிடித்ததற்காக ரஸல் ஹல்ஸுடன் 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், சிறுவயதில் அண்ணனோடு சேர்ந்து வீட்டுக் கூரையில் ஆன்டெனாக்கள் கட்டிய ஹாம். விண்வெளியிலிருந்து வரும் மெலிந்த குறிகளைப் பிரித்தறியக் கற்றதை அவர் தன் பொழுதுபோக்குக்குத் திருப்பிக் கொடுத்தார். 2017இல் ஸ்டீவ் ஃபிராங்குடன் சேர்ந்து அவர் வெளியிட்ட எஃப்டி8 முறையில், 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், 15 விநாடிக்கு ஒரு சிறு செய்தி போகிறது. வழக்கமான ஏற்பியில் கேட்கும் இரைச்சலின் ஆற்றலில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே குறியில் இருந்தாலும் கணினி அதைப் படித்துவிடும். சில வாட் ஆற்றலும் பால்கனியில் தொங்கும் கம்பியும் உள்ளவர் இதனால் கண்டம் தாண்டுகிறார்.

இந்தக் குறிகளைக் கேட்கும் நிலையங்கள் யாரை, எப்போது, எவ்வளவு வலுவாகக் கேட்டோம் என்பதை இணையத்தில் தாமாகப் பதிவுசெய்கின்றன. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவைக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது நதானியேல் ஃபிரிஸெல் என்ற இளம் ஆய்வாளர், அவரும் ஒரு ஹாம், இப்படிப்பட்ட பதிவுகளைத் திரட்டினார். நிலவின் நிழல் நகரும்போது அயனி மண்டலம் எப்படி இளகியது என்பதை ஆயிரக்கணக்கான சாதாரணத் தொடர்புகள் காட்டிக்கொடுத்தன. 2018இல் அந்த ஆய்வு புவி இயற்பியலின் முன்னணி ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. இத்தனை இடங்களில் கருவி நிறுவ எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நிதி கிடைக்காது.

விண்வெளியிலும் இவர்களின் தடம் உண்டு. ஸ்புட்னிக் போய் நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 12 அன்று, கலிபோர்னிய ஹாம்கள் தங்கள் கையால் செய்த ஆஸ்கார் 1 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. எடை சுமார் நாலரைக் கிலோ. மோர்ஸ் குறியில் ஒரே ஒரு வாழ்த்தை அது திரும்பத் திரும்ப அனுப்பியது. அனுப்பும் வேகம் உள்ளேயிருந்த வெப்பநிலைக்கேற்ப மாறியது. 28 நாடுகளைச் சேர்ந்த 570க்கும் மேற்பட்ட ஹாம்கள் அதைக் கேட்டுக் கணக்கெடுத்து அனுப்பினார்கள். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய ஹாம்சாட், 42.5 கிலோ எடையுடன், 2014 வரை ஒன்பது ஆண்டுகள் உலக ஹாம்களுக்கு உழைத்தது. குறிகளை வாங்கித் திருப்பியனுப்ப அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றொன்று நெதர்லாந்து அமெச்சூர் ஒருவர் செய்தது. 2018இல் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெய்ல் 2, புவிநிலைப் பாதையில் அமெச்சூர் டிரான்ஸ்பாண்டர் ஏந்திய முதல் செயற்கைக்கோள். இந்தியா முழுவதும் அதன் பார்வைக்குள் வருகிறது.

பேரிடரின்போது யார் இருந்தார்கள்?

தொடர்பு என்ற நோக்கத்தைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன். அதன் உண்மையான பெறுமதி மற்ற இரண்டையும் பார்த்த பிறகே விளங்கும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் அமைத்திருந்தது. அந்தமான் தீவுகளில் பல ஆண்டுகளாக அமெச்சூர் நிலையம் இல்லாததால், அவற்றைத் தொடர்புகொள்ள உலகெங்கும் ஹாம்கள் காத்துக்கிடந்தார்கள். சொல்லப்போனால் அது ஒரு விளையாட்டுப் பயணம். டிசம்பர் 26 காலையில் நிலம் அதிர்ந்து சுனாமி தாக்கியதும் அந்த விளையாட்டு நிலையம் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் நிலையமாக மாறியது. உயிர்பிழைத்தவர்களின் விவரங்கள் அங்கிருந்து இந்தியாவின் பல ஊர்களில் காத்திருந்த ஹாம்கள் வழியாகக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே நாட்களில் இலங்கையின் அம்பாந்தோட்டைக்குத் தொலைபேசி இணைப்பு அறுந்துபோனது. விக்டர் குணதிலக தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தினர் மின்கலத்தில் ஓடும் சிற்றலைக் கருவிகளை அங்கே கொண்டுபோய், கொழும்பிலிருந்த அரசு நிர்வாகத்தோடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். மேற்கு வங்கத்தில் பேரிடர் இல்லாத காலத்திலும், கங்காசாகர் மேளாவில் தொலைந்துபோன முதியவர்களை அவர்களுடைய குடும்பத்தாரிடம் சேர்ப்பதை ஹாம்கள் ஆண்டுதோறும் செய்துவருகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தமானிலும் அம்பாந்தோட்டையிலும் உதவியது கருவி மட்டுமல்ல. எந்த நேரத்தில் எந்தப் பேண்ட் எவ்வளவு தூரம் போகும், கார் பேட்டரியில் எத்தனை மணிநேரம் தாக்குப்பிடிக்கலாம், கிடைத்த கம்பியை எப்படி ஆன்டெனாவாக மாற்றலாம், நூறு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது எப்படி ஒழுங்குபடுத்தலாம் என்ற பழக்கம்தான் உதவியது. கருவியை அலுவலக அலமாரியில் வாங்கி வைக்கலாம். இந்தப் பழக்கத்தை அப்படி வைக்க முடியாது. அது அன்றாட விளையாட்டில் மட்டுமே உயிரோடிருக்கும். பேரிடருக்காக மட்டும் உரிமம் வாங்கி, மற்ற நாட்களில் கருவியைத் தொடாதவர் அந்த நாளில் உதவமாட்டார்.

அதோடு, இன்று காவல்துறைக்கும் பேரிடர் மீட்புப் படைக்கும் செயற்கைக்கோள் தொலைபேசிகள் இருக்கின்றன. 2004இல் இருந்த இடைவெளி இன்று அதே அளவில் இல்லை. ஆகவே பேரிடர்ச் சேவையை இந்தப் பொழுதுபோக்கின் ஒரே நியாயமாகக் காட்டுவது அதற்கே கெடுதல். அது நல்ல பழக்கத்தின் உடன்விளைவு.

எதிர்வாதங்களின் வலு

குறைகளை மறைத்துப் பரிந்துரைப்பது சரியல்ல. கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அது ஊர் எல்லையையோ, அருகில் குறிகளை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் மாவட்ட எல்லையையோதான் தொடும். தொழிற்சாலையில் செய்த சிற்றலைக் கருவிக்கு ஒரு லட்சம் ரூபாய் அளவில் ஆகலாம். சொந்தமாகச் செய்தால் இந்தச் செலவு பெருமளவு குறையும், ஆனால் பொறுமை வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். உரிமத்தின் கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை, பொது நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். தேர்வு கடினமல்ல. ஆனால் தேர்வுக்கும் உரிமத்துக்கும் இடையிலான காத்திருப்பு பலரின் ஆர்வத்தை அணைத்திருக்கிறது.

நகரத்து அடுக்ககங்களில் ஆன்டெனா கட்டச் சங்கங்கள் எளிதில் அனுமதிப்பதில்லை. எல்இடி விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் கிளப்பும் இரைச்சல் பேண்டுகளை மூடுகிறது. ஹாம்களின் சராசரி வயது ஏறிக்கொண்டிருக்கிறது; பெண்கள் மிகக் குறைவு. 1990களில் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்த ஜப்பானின் அமெச்சூர் நிலையங்கள் இன்று பாதிக்கும் கீழே சரிந்துவிட்டன. எஃப்டி8இல் மனிதப் பேச்சே இல்லை, கணினியோடு கணினிதான் பேசுகிறது என்று மூத்த ஹாம்கள் வருந்துவதிலும் பொருள் இருக்கிறது. மனிதரோடு உரையாடுவதுதான் ஒருவரின் தேவையென்றால் இந்தப் பொழுதுபோக்கு அவருக்குச் சுற்றுவழி. அவர் இதில் இறங்காமலிருப்பதே நல்லது.

ஆனால் கருவியின் மூடியைத் திறந்து பார்க்கும் ஆவல் உள்ளவருக்கு இந்தக் குறைகள் எதுவும் தடையல்ல. இரைச்சலைத் தேடிப் பிடிப்பதும், இடமில்லாத வீட்டில் ஆன்டெனா கட்ட வழி காண்பதும் அவருக்குப் பாடத்தின் பகுதிகளே.

யாருடைய வானலை?

2022இல் 5ஜி அலைக்கற்றைகளை ஏலம் எடுக்க நிறுவனங்கள் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி ரூபாய் கொடுக்க முன்வந்தன. வானலை இன்று அத்தனை விலையுயர்ந்த பொதுச்சொத்து. அதே வானலையில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, 14.0 முதல் 14.35 வரை, 144 முதல் 146 வரை என்று சில துண்டுகள் ஏலத்துக்கு வராமல் நிற்கின்றன. ஒரு தேர்வில் தேறிய எவரும் அங்கே போய்ச் சோதிக்கலாம், தவறு செய்யலாம், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். லாபம் மட்டும் சம்பாதிக்கக் கூடாது. ஊர் நடுவே பட்டா போடாமல் விட்டுவைத்த மந்தைவெளி போன்றது அது. யாரும் புழங்காவிட்டால் ஒருநாள் வேலி விழும்.

இது கற்பனை அச்சம் அல்ல. 2019இல் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பேண்டை வான்வழிச் சேவைகளுக்குப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய வேண்டுமென பிரான்ஸ் ஐரோப்பிய அமைப்பொன்றில் முன்மொழிந்தது. உலகெங்கும் ஹாம்கள் எதிர்த்தபின் அந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. பயன்படுத்துவோர் இருந்ததால் எதிர்ப்பதற்கும் ஆள் இருந்தது.

ஆகவே என் முடிவு தெளிவானது. ஹாம் ரேடியோ பயனுள்ள பொழுதுபோக்கு. அதன் பயன் பேச்சுக்கு அப்பால் இருக்கிறது. இயற்கையின் ஒரு பெரும் நிகழ்வை வீட்டிலிருந்தே கவனிக்கவும், கையால் செய்து புரிந்துகொள்ளவும், கற்றதை ஊருக்கு உதவும் திறனாக மாற்றவும் சாதாரணக் குடிமகனுக்கு அது இடம் தருகிறது.

தொடங்க விரும்புபவர் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் சிற்றலை ஏற்பியில் சில இரவுகள் கேட்கலாம். அதில் ஆர்வம் தொடர்ந்தால் தேர்வுக்குப் படிக்கலாம். உரிமம் வருவதற்குள் எளிய ஏற்பி ஒன்றைக் கையால் செய்து முடிக்கலாம். 2009இல் விண்ணுக்குப் போன அனுசாட் செயற்கைக்கோளை அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய மாநிலம் இது. இங்குள்ள ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் மாணவர்களே நடத்தும் ஓர் அமெச்சூர் நிலையம் இருக்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரு மாடி, ஒரு கம்பி, உரிமம் பெற்ற ஓர் ஆசிரியர்.